சொல்லின் நடுவே ஒரு திமில்

கணினி நிரல் எழுதுவோரிடையே வழங்கும் 'கேமல் கேஸ்' என்னும் தொடர், பல சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி எழுதி, ஒவ்வொரு புதுச்சொல்லும் தொடங்கும் இடத்தை ரோமன் வரிவடிவத்தின் பெரிய எழுத்தால் காட்டும் முறையைக் குறிக்கும். நிரலாளர் அல்லாதோரும் இம்முறையை நாள்தோறும் பார்க்கின்றனர். 2012இல் அறிமுகமான ரூபே அட்டையின் பெயரிலும், 2015இல் வந்த டிஜிலாக்கர், போன்பே ஆகியவற்றின் பெயர்களிலும் சொல்லின் நடுவே ஒரு பெரிய எழுத்து நிமிர்ந்து நிற்கிறது. ரூபேயில் 'ரூபாய்' என்பதன் தலைப்பகுதி முடிந்து, பணம் செலுத்துதலைச் சுட்டும் ஆங்கிலச் சொல் தொடங்கும் இடம் அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. அதே பெயர்களைத் தமிழில் எழுதியவுடன் அந்த அடையாளம் மறைந்துவிடுகிறது. தமிழ் வரிவடிவத்தில் ஓர் எழுத்துக்குப் பெரியது, சிறியது என்ற இரட்டை வடிவம் கிடையாது என்பதே அதற்குக் காரணம்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே ரோமன் எழுத்துடன் பிறந்ததன்று. உரோமப் பேரரசன் திராயனின் வெற்றித்தூண் கி.பி. 113இல் நிறுவப்பட்டபோது அதன் பீடத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு முழுவதும், இன்று பெரிய எழுத்து எனப்படும் வடிவங்களால் மட்டுமே ஆனது. சிறிய எழுத்துகள், தோலேடுகளில் விரைந்து எழுதிய கைகளில் பல நூற்றாண்டுகளாக உருவாகி, எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சார்லமேன் ஆட்சிக்காலத்தில் ஒழுங்குபெற்றவை. நெடுங்காலம் வெவ்வேறு எழுத்து முறைகளாக இருந்த இவ்விரண்டும் பின்னர் ஒரே பக்கத்தில் சேர்ந்து, ஒரே எழுத்தின் இரு வடிவங்கள் எனக் கருதப்படலாயின. 'கேஸ்' என்ற பெயர் அச்சகத்திலிருந்து வந்தது. அச்சுக்கோப்போர் ஈய எழுத்துகளை அறைகள் பிரித்த மரத்தட்டுகளில் வைத்திருந்தனர். சாய்வு மேசையின் மேல்தட்டில் பெரிய எழுத்துகளும், கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் அடிக்கடி தேவைப்படும் சிறிய எழுத்துகளும் இருந்தன. அதனால் 'மேல் கேஸ்', 'கீழ் கேஸ்' என்னும் வழக்கு ஏற்பட்டது. இந்தக் 'கேஸ்' பெட்டி என்று பொருள்படும் 'கப்சா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வேற்றுமை உருபைக் குறிக்கும் இலக்கணச் சொல்லான 'கேஸ்', விழுதல் என்று பொருள்படும் 'காசுஸ்' என்னும் வேறொரு சொல்லின் வழிவந்தது. ஒலிப்பில் ஒன்றாகிவிட்ட இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் 'கேமல் கேஸ்' என்பதன் பொருளே கைநழுவிப் போகும்.

பெயர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே வழக்கம் இருந்தது. இன்னாரின் மகன் என்று பொருள்தரும் 'மாக்' என்னும் முன்னொட்டைத் தாங்கிய ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடும்பப் பெயர்கள் பலவற்றில், முன்னொட்டை அடுத்து வரும் தந்தை பெயரின் முதலெழுத்து இன்றும் பெரிதாகவே எழுதப்படுகிறது. ஐரிஷ் மொழியில் முன்சொல்லின் தாக்கத்தால் பின்சொல்லின் தலையில் ஒரு புதிய மெய் முளைக்கும்போது அந்த மெய்யைச் சிறிய எழுத்தாகவும், பெயரின் இயல்பான முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகவும் எழுதுவர். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணப் பெயரில், இடத்தைக் குறிக்கும் 'குவா' என்ற முன்னொட்டுக்குப் பின் 'சூலு' பெரிய எழுத்தோடு தொடங்குகிறது. இம்மூன்று வழக்கிலும் பெரிய எழுத்து இரண்டு சொல்லுறுப்புகளின் பொருத்துவாயைக் காட்டும் வேலையையே செய்கிறது.

அறிவியலில் இதனை முறையாகக் கையாண்டவர் சுவீடன் வேதியியலாளர் யாக்கோபு பெர்சீலியஸ். 1813இல் அவர் முன்வைத்த குறியீட்டு முறைப்படி ஒவ்வொரு தனிமமும் ஒன்று அல்லது இரண்டு எழுத்துகளால் குறிக்கப்படுகிறது. முதலெழுத்து பெரியது, இரண்டாம் எழுத்து இருந்தால் அது சிறியது. சோடியத்தின் ஈரெழுத்தும் குளோரினின் ஈரெழுத்தும் இடைவெளியின்றிச் சேர்ந்து உப்பின் வாய்பாடாகும்போது, மூன்றாம் எழுத்தின் பெருவடிவமே அடுத்த தனிமம் தொடங்கிவிட்டதைச் சொல்கிறது. இதில் வடிவம் மாறினால் பொருளே மாறும். பெரிய 'சி'யை அடுத்துச் சிறிய 'ஓ' வந்தால் அது கோபால்ட் என்னும் உலோகம். பெரிய 'ஓ' வந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. எழுத்தின் அளவையே பொருளாக்கிய பெர்சீலியஸின் இந்தச் சிக்கனம், தமிழ்நாட்டுப் பள்ளி வேதியியல் நூல்கள் வரை வந்து இருநூறாண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருக்கிறது.

வணிகப் பெயர்கள் பின்னர் வந்தன. 1953இல் அறிமுகமான அகலத்திரை முறை சினிமாஸ்கோப், தன் பெயரின் நடுவே பெரிய எழுத்தை வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே விஸ்டாவிஷன் அதே வழியில் வந்தது.

கணினியில் இவ்வழக்கம் வேரூன்றியதற்குக் காரணம் அழகுணர்ச்சியன்று, தேவை. நிரல் மொழிகள் பலவற்றில் ஒரு மாறிக்கு, அதாவது மதிப்பொன்றைத் தாங்கும் பெயருக்கு, நடுவே இடைவெளி விட முடியாது. இடைவெளி வந்தவுடன் பெயர் முடிந்துவிட்டதாகக் கணினி கொள்ளும். துளையட்டைக் காலத்து இயந்திரங்களில் பெரும்பாலும் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தமையால், எழுத்தளவைக் கொண்டு சொற்களைப் பிரித்துக் காட்டும் வாய்ப்பே இல்லை. எழுத்துகளுக்குக் கணினியில் எண் வழங்கும் ஆஸ்கி குறியேற்றத்தின் 1963ஆம் ஆண்டு வடிவில் சிறிய எழுத்துகள் சேரவில்லை. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அவை இடம்பெற்றன. அதே திருத்தத்தில், முன்பு இடப்பக்க அம்புக்குறி இருந்த இடத்தில் அடிக்கோடு வந்தமர்ந்தது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973இல் உருவான ஆல்டோ கணினி, பழைய அம்புக்குறியையே வைத்துக்கொண்டது. அங்கே பிறந்த ஸ்மால்டாக் மொழியில் அந்த அம்பு, மாறிக்கு மதிப்பளிக்கும் குறியாகப் பயன்பட்டது. சொற்களைக் கோத்துத் தர அடிக்கோடு இல்லாத அந்தச் சூழலில் நடுப் பெரிய எழுத்து கைகொடுத்திருக்கலாம் என்பது கணினி வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் விளக்கம். பெல் ஆய்வகத்தில் வளர்ந்த சி மொழியினர் அடிக்கோட்டையும், லிஸ்ப், கோபால் மொழியினர் இணைப்புக்கோட்டையும் பற்றிக்கொண்டனர். அன்று ஒரு விசைப்பலகையில் எந்தக் குறி இருந்தது, எது இல்லை என்பது, இன்றும் மொழிக்கு மொழி நிலவும் நடை வேறுபாடுகளில் தொடர்கிறது எனலாம்.

முறை பரவிய பின்னும் அதற்கு ஒரு பெயர் அமையவில்லை. 'இடைப் பெரிய எழுத்து' என்று அகராதியாளர் அழைத்தனர். 'இன்டர்கேப்ஸ்', 'பைகேப்பிட்டலைசேஷன்' ஆகிய பெயர்களும் நிரலாளரிடையே வழங்கின. விளையாட்டாகப் பெரிய, சிறிய எழுத்துகளை ஒழுங்கின்றிக் கலந்து எழுதுவதற்கு 'ஸ்டட்லிகேப்ஸ்' என்ற தனிப்பெயர் இருந்தது. அதில் பெரிய எழுத்துக்கு எந்தப் பொருளும் இல்லை என்பதால் அதனை இங்கு ஆராயும் முறையோடு சேர்க்கக் கூடாது. ஏற்ற இறக்கமான அந்தச் சொல் வடிவம் திமில்களை நினைவூட்டியதால் எழுந்த 'ஒட்டகம்' என்ற உருவகத்துக்கு இன்று அறியப்பட்டுள்ள முதல் எழுத்துச் சான்று 1995ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் வார்டு கன்னிங்காம் தொடங்கிய விக்கிவிக்கிவெப் தளத்தில், இரு சொற்களைப் பெரிய எழுத்துகளோடு ஒட்டி எழுதினால் அதுவே ஓர் இணைப்பாகும் என்ற விதி இருந்தது. 2001 ஜனவரியில் பிறந்த விக்கிப்பீடியாவும் தன் முதல் வாரங்களில் இவ்விதியையே பின்பற்றிப் பின்னர்க் கைவிட்டது.

இப்பெயரைப் பற்றி ஒரு தவறான கருத்தும் உலவுகிறது. 1991இல் வெளிவந்த பெர்ல் மொழி நூலின் அட்டையில் ஓர் ஒட்டகம் இருப்பதால், பெயர் அங்கிருந்து வந்தது என்று நினைப்போர் உண்டு. பெர்ல் மொழியின் நடைக் குறிப்போ, மாறிப் பெயர்களில் சொற்களைப் பிரிக்க அடிக்கோட்டையே பரிந்துரைக்கிறது. ஆகவே அந்த ஊகம் நிற்காது. முதலெழுத்தும் பெரிதாக வரும் வகையை 'பாஸ்கல் கேஸ்' என்பர். பாஸ்கல் என்பது, 1970இல் நிக்லாஸ் விர்த் வெளியிட்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் பெயரைச் சூட்டிய நிரல் மொழி. பாஸ்கல் மொழி, பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பதே இல்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. எழுத்தளவைப் பொருட்படுத்தாத மொழியின் பெயர் ஓர் எழுத்தளவு முறைக்கு வாய்த்தது, அம்மொழியில் எழுதியோர் கடைப்பிடித்த நடையால்தான். அடிக்கோட்டால் கோத்த முறைக்குப் பாம்பின் பெயரும், இணைப்புக்கோட்டால் கோத்ததற்குக் கபாப் கம்பியின் பெயரும், ஒட்டகம் நிலைபெற்ற பிறகு அதன் சாயலில் வந்தவை.

ஒட்டகத்தின் பெயரே எழுத்துகளின் வரலாற்றில் முன்பும் ஒருமுறை தோன்றியது. செமித்திய எழுத்துவரிசையின் மூன்றாம் எழுத்தான 'கிமெல்', அம்மொழிகளில் ஒட்டகத்தைக் குறிக்கும் சொல்லோடு மரபாக இணைத்துச் சொல்லப்படுகிறது. அந்த எழுத்தே கிரேக்கத்தில் 'காமா' ஆகி, எட்ருஸ்கர் வழியாக இலத்தீனின் 'சி' ஆயிற்று. அதாவது, 'கேமல்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து கிமெலின் வழித்தோன்றல். தமிழில் 'ஒட்டகம்' என்பது வடமொழி 'உஷ்ட்ர' என்பதோடு உறவுடைய சொல். தொல்காப்பிய மரபியல் இவ்விலங்கை அறிந்திருக்கிறது. செஞ்சிக்குக் கிழக்கே கடற்கரையில் இருந்த எயிற்பட்டினத்தைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமரக் கட்டைகளைப் படுத்துறங்கும் ஒட்டகங்களுக்கு உவமிக்கிறது. அந்நூலின் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இன்றைய திண்டிவனம் வட்டாரம். மேடும் பள்ளமுமான ஓர் உருவத்தைப் பார்த்தவுடன் ஒட்டகத்தை நினைக்கும் மனம், நிரலாளருக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் முன்பே இந்நிலப்பகுதிப் புலவருக்கும் இருந்திருக்கிறது.

ஓய்மாநாட்டுக்கு மேற்கே, செஞ்சிக் கோட்டைக்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்தது அவலூர்பேட்டை. வாரச்சந்தைக்குப் பெயர்பெற்ற இவ்வூரின் பெயர், நடுப் பெரிய எழுத்து செய்யும் வேலையைத் தமிழ் எப்படிச் செய்கிறது, எங்கே செய்ய மறுக்கிறது என்பதைக் காட்டப் போதுமானது. இதன் இறுதியில் சந்தை கூடும் குடியிருப்பைக் குறிக்கும் 'பேட்டை' நிற்கிறது. நடுவில் 'ஊர்' நிற்கிறது. பேட்டையைப் பிரித்தெடுப்பது எளிது: 'ர்' என்ற எழுத்து முடிந்து 'பே' என்ற எழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிடலாம். ஊரைப் பிரிக்க முற்பட்டால் கத்தியை வைக்க இடமில்லை. முன்சொல்லின் இறுதியான 'ல்' என்ற மெய்யும், பின்சொல்லின் முதலான 'ஊ' என்ற உயிரும் 'லூ' என்ற ஒரே எழுத்துக்குள் கலந்துவிட்டன. இரண்டு சொற்களின் எல்லை இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இல்லை, ஓர் எழுத்தின் உள்ளே இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து என ஒன்று இருந்திருந்தாலும், இந்த எல்லையை அதனால் காட்டியிருக்க முடியாது. 'லூ'வைப் பெரிதாக்கினால் முன்சொல்லின் 'ல்'லும் சேர்ந்தல்லவா பெரிதாகும்? உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்று இலக்கணம் கூறும் புணர்ச்சி, எழுத்துவடிவிலும் அப்படியே நிகழ்ந்துவிடுகிறது.

இது புதிதன்று என்பதற்குச் செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றே சான்று. இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட அக்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவாக வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, பிராமியிலிருந்து வட்டெழுத்து உருப்பெறும் கட்டத்து எழுத்தில் அமைந்தது. நாள்களின் எண்ணும் நோன்பைக் குறிக்கும் 'அனசனம்' என்ற வடசொல்லும் அதில் சேர்ந்தே வருகின்றன. எண்ணுப்பெயரின் இறுதி 'ழ்' மீது 'அனசனம்' என்பதன் முதல் அகரம் ஏறி, 'ழ' என்ற ஒரே எழுத்தாகக் கல்லில் பதிந்திருக்கிறது. ஒரு தமிழ்ச்சொல்லும் ஒரு வடசொல்லும் சந்திக்கும் எல்லையே ஓர் எழுத்துக்குள் ஒடுங்கிவிட்டது. சொற்களுக்கிடையே இடம்விட்டு எழுதும் வழக்கமும் அக்காலத்தில் இல்லை. கல்வெட்டைப் படிப்பவர் ஒவ்வொரு எழுத்தையும் ஒலித்துப் பார்த்து, இலக்கணத்தைக் கொண்டு சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அன்றைய வாசகரும் அப்படித்தான் படித்தார்.

ஆனால் தமிழ் எல்லா எல்லைகளையும் மறைப்பதில்லை. பின்சொல் வல்லினத்தில் தொடங்கும்போது பல இடங்களில் ஓர் ஒற்று மிகுகிறது. 'திரு'விலும் 'க்' இல்லை, 'கோவில்' என்பதன் தலையிலும் கூடுதல் 'க்' இல்லை; இரண்டும் சேர்ந்த 'திருக்கோவிலூர்' என்ற பெயரில் அது தோன்றுகிறது. சொல்லின் நடுவே, இரண்டு உறுப்புகளின் பொருத்துவாயில், எந்த உறுப்புக்கும் சொந்தமில்லாமல் முளைக்கும் அந்தப் புள்ளி வைத்த மெய், ரோமன் எழுத்தின் நடுப் பெரிய எழுத்து செய்யும் வேலையையே செய்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு: பெரிய எழுத்து கண்ணுக்கு மட்டுமே உரியது, வாய்விட்டுப் படித்தால் கேட்காது, மிகும் ஒற்று காதுக்கும் கேட்கிறது. திருக்கோவிலூர் என்ற ஒரே பெயரில் முதல் பொருத்துவாய் ஒற்றால் வெளிப்பட்டும், இரண்டாவது 'லூ'வுக்குள் மறைந்தும் நிற்பதைக் காணலாம். அவலூர்பேட்டையிலோ, இலக்கணம் எதிர்பார்க்கும் 'ப்' வழக்கில் எழுதப்படுவதில்லை. மக்கள் வழக்கே அங்கு அடையாளத்தைக் கழற்றிவிட்டது. ஒற்று மிகுதலைப் பள்ளிப் பிள்ளைகளை வருத்தும் வெறும் விதிப்பட்டியலாகக் கற்பிக்கும் இன்றைய முறை மிகவும் வருந்தத்தக்கது. படிக்கும் கண்ணுக்குச் சொல்லெல்லை காட்டும் ஒரு நுண்கருவி அது என்பதைச் சொல்லிக் கொடுத்தால், விதிகளில் பாதி தாமாகவே மனத்தில் நின்றுவிடும்.

தமிழ், ரோமன் எழுத்துகளில் எழுதப்பட்டபோது பெரிய எழுத்துக்கு முற்றிலும் வேறொரு வேலை கிடைத்தது. 1554இல் லிஸ்பனில் அச்சான போர்த்துகீசிய–தமிழ்க் கிறித்தவச் சிற்றேடு, தமிழை ரோமன் எழுத்தில் தந்த முதல் அச்சுநூல். அதன்பின் வந்த ஐரோப்பியர் அனைவரும் எதிர்கொண்ட இடர்ப்பாடு ஒன்றே: ந, ன, ண ஆகிய மூன்றுக்கும் ரோமனில் 'என்' ஒன்றே உண்டு, ல, ள இரண்டுக்கும் 'எல்' ஒன்றே, ர, ற இரண்டுக்கும் 'ஆர்' ஒன்றே. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, எழுத்தின் கீழே புள்ளியும் கோடும் இட்டு இவற்றை வேறுபடுத்தியது. அச்சகத்தில் அது இயன்றது. ஏழு இருமக் கூறுகளுக்குள் அடங்கிய ஆஸ்கியில் கீழ்ப்புள்ளிக்கு இடமில்லை.

1980களில் கனடாவில் கு. சீனிவாசன் உருவாக்கிய 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' முதலிய மென்பொருள்கள் கையாண்ட தீர்வு, பயன்படாமல் கிடந்த பெரிய எழுத்துகளை எடுத்துக்கொள்வது. தமிழில் தொடர் தொடங்கும்போதோ பெயர் வரும்போதோ பெரிய எழுத்து தேவையில்லை. ஆகவே ரோமன் எழுத்துவரிசையில் பாதி வேலையற்று இருந்தது. பெரிய 'என்' ணகரமாயிற்று, பெரிய 'எல்' ளகரமாயிற்று, பெரிய 'ஆர்' றகரமாயிற்று. உயிர்களில் சிறியது குறில், பெரியது நெடில். 'வள்ளுவர்' என்று தட்டச்சு செய்யும்போது நடுவில் இரண்டு பெரிய 'எல்' நிமிர்ந்து நிற்கும். 'கண்ணன்' என்றால் நடுவில் இரண்டு பெரிய 'என்', இறுதியில் ஒரு சிறிய 'என்'. பெர்சீலியஸின் கோபால்டைப் போலவே இங்கும் அளவு மாறினால் பொருள் மாறும்: 'பல்லி'யும் 'பள்ளி'யும் ரோமன் எழுத்தில் அளவால் மட்டுமே வேறுபடுகின்றன.

இந்த ஏற்பாட்டில் பலரும் கவனியாத ஓர் ஒழுங்கு இருக்கிறது. ண, ள, ற ஆகிய மூன்றும் தமிழில் சொல்லுக்கு முதலில் வாரா என்று தொல்காப்பியம் விதித்துள்ளது. பெரிய எழுத்தால் குறிக்கப்பெறும் மெய்கள் சரியாக அவையே. எனவே இம்முறையில் எழுதிய தமிழில் பெரிய மெய்யெழுத்து எப்போதும் சொல்லின் இடையிலோ கடையிலோதான் வர இயலும். முதலில் வரவே வராது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தின் இயல்பான இடம் சொல்லின் தலை; தமிழில் அந்த ஓர் இடமே அதற்கு விலக்கப்பட்டது. ஆங்கிலப் பழக்கத்தால் 'நல்லவன்' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கியவர்களுக்குத் திரையில் 'ணல்லவன்' வந்து நின்றதும், 'ராமன்' 'றாமன்' ஆனதும் இதனால்தான். இதே மொழிமுதல் விதியை மென்பொருள் தனக்குச் சாதகமாகவும் பயன்படுத்திக்கொண்டது: னகரம் சொல்லின் முதலில் வாராது என்பதால், முதலில் அழுத்தப்படும் சிறிய 'என்' தானாகவே நகரமாக மாறும்படி நிரல் எழுதப்பட்டது. ஈராயிரமாண்டு இலக்கண நூற்பா ஒன்று, கணினி விசைப்பலகையின் தருக்க விதியாகவே இயங்கியது தமிழ்க் கணிமையின் மிகச் சிறந்த நிகழ்வுகளுள் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

அவலூர்பேட்டையை இம்முறையில் எழுதிப் பார்த்தால், பெரிய எழுத்தின் இரு வேலைகளும் எவ்வளவு வேறானவை என்பது விளங்கும். நிரலாளர் கேமல் கேஸில் எழுதினால் 'ஊர்' தொடங்கும் 'யு', 'பேட்டை' தொடங்கும் 'பி' ஆகிய இரண்டும் பெரியனவாகும். தமிழ்த் தட்டச்சு முறையில் எழுதினால் ஊகார நெடிலுக்கு உரிய 'யு', ஏகார நெடிலுக்கு உரிய 'இ' ஆகிய இரண்டும் பெரியனவாகும். முதற்பெரிய எழுத்து இரண்டிலும் ஒரே இடத்தில் விழுகிறது. 'ஊர்' நெட்டுயிரில் தொடங்குவதால் நேர்ந்த தற்செயல் அது. இரண்டாவது, ஓரெழுத்துத் தள்ளி விழுகிறது. முன்னது சொல்லின் எல்லையைக் காட்டுகிறது, பின்னது ஒலியின் அளவைக் காட்டுகிறது. இரு வேலைகளையும் ஒரே வரிவடிவத்தில் ஒருங்கே செய்ய முயன்றால் படிப்பவர் திகைப்பார். அரசு ஆவணங்களில் வரும் ஊர்ப்பெயர்களோ இரண்டு வசதியையும் ஏற்பதில்லை; அங்கே பெரிய எழுத்து ஆங்கில மரபுப்படி தலையில் மட்டுமே. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்ததால் அதே மாதத்தில் திரும்பப் பெற்றபோது, வெளிப்பட்ட அடிப்படைக் குறை இதுதான். புள்ளியும் இல்லாமல், பெரிய எழுத்தும் இல்லாமல், வெறும் ரோமன் எழுத்துகளை இரட்டித்து மட்டும் தமிழின் ஒலி வேறுபாடுகளைக் காட்ட முடியாது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை வேறு வழியில் சென்றது. உயிர் 12, மெய் வரிசை 18, ஆய்தம் 1 என 31 விசைகளும் ஷிஃப்டை அழுத்தாமலே கிடைத்தன. ஸ, ஷ, ஜ, ஹ முதலிய கிரந்த எழுத்துகள் ஷிஃப்டுக்கு உரியனவாயின. இன்று கைபேசியில் தமிழைச் சிறிய ரோமன் எழுத்துகளாலேயே அடித்தால், எந்த ளகரம், எந்த றகரம் என்பதைச் சொற்பட்டியலைக் கொண்டு கருவியே ஊகித்துத் தருகிறது. ரோமன் தமிழின் நடுப் பெரிய எழுத்து அதனால் வேகமாக மறைந்துவருகிறது.

நிரல் மொழிகளுக்குள் தமிழ் எழுத்து நுழையும்போது சிக்கல் கூர்மையடைகிறது. உலக எழுத்துகளுக்கான கணினிக் குறியேற்றமான ஒருங்குறி, தமிழ் எழுத்துகளுக்குப் பெரியது, சிறியது என்ற பண்பை வழங்குவதில்லை. சில மொழிகளோ அப்பண்பையே இலக்கணமாக்கியுள்ளன. ஹாஸ்கெல் மொழியில் ஒரு தரவுவகையின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியாக வேண்டும். 2009இல் கூகுள் வெளியிட்ட கோ மொழியில், ஒரு தொகுப்பிலுள்ள பெயர் வெளியே தெரிய வேண்டுமானால் அதன் முதலெழுத்து பெரியதாக இருக்க வேண்டும். தமிழ்ப் பெயருக்கு அது இயலாது. அதைவிடப் பெரிய தடை, கோ மொழி பெயர்களில் முழு எழுத்துகளை மட்டுமே ஏற்கும் என்பது. தமிழின் கொம்பு, கால், புள்ளி ஆகியவை ஒருங்குறியில் எழுத்துகளாக அன்றி ஒட்டுக்குறிகளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால், 'ஊர்' என்ற எளிய சொல்லே அங்கே பெயராக முடியாது. 2008இல் வந்த பைத்தான் 3 ஒட்டுக்குறிகளையும் ஏற்கிறது. அங்கே தமிழ்ப் பெயர்களை எழுதலாம். பெரிய எழுத்து இல்லாததால் கோப்பதற்கு அடிக்கோடே துணை. சமூக ஊடகக் கொத்துச்சொற்களிலும் தமிழர்கள் அடிக்கோட்டையே நாடுகின்றனர். ஆங்கிலத்தில் அதே கொத்துச்சொற்களைக் கேமல் கேஸில் எழுதினால் பார்வையற்றோர்க்கான திரைவாசிப்பு மென்பொருள் சொல்சொல்லாகப் பிரித்துப் படிக்கிறது.

அடிக்கோடு தமிழுக்கு எப்போதும் தேவையா என்பதும் ஆராயத்தக்கது. 'ஊர்ப்பெயர்' என்று எழுதினால் நடுவிலுள்ள 'ப்' எல்லையைக் காட்டிவிடுகிறது. அங்கே அடிக்கோடு மிகை. உயிர் ஏறும் புணர்ச்சியில் நிலைமை வேறு. கணினியின் கணக்கில் 'ஊ' என்ற உயிரெழுத்தும், 'லூ'வில் லகரத்தோடு ஒட்டிய ஊகாரக் குறியும் இரண்டு தனித்தனிக் குறியெண்கள். ஆகவே விழுப்புரம் மாவட்ட ஊர்ப்பட்டியலில் 'ஊர்' என்று தேடினால் அவலூர்பேட்டையும் மேல்மலையனூரும் அகப்படுவதில்லை. அவற்றைக் கண்டெடுக்க வேண்டுமானால், தேடும் நிரல் முதலில் ஒவ்வொரு உயிர்மெய்யையும் மெய்யாகவும் உயிராகவும் பிரித்து, ஒட்டுக்குறியை முழு உயிரெழுத்தாக மாற்றி எழுதிக்கொண்டு, அதன் பிறகே தேடலைத் தொடங்க வேண்டும்.